அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்ற நாய் எது?



தோட்டத்து நாய் குட்டி போட்டிருக்கிறது என்ற செய்தி நகரத்தில் வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ எட்டினால், "அடுத்த முறை வரும்போது எங்களுக்கும் ஒரு குட்டி கொண்டு வாருங்கள், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்" என்று கேட்பது இன்று பல குடும்பங்களில் நடப்பதுதான். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது மறுக்க மனம் வருவதில்லை. கூடையில் வைக்கோலைப் பரப்பி, உள்ளதில் கொழுத்த குட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறோம்.

முதல் 2 மாதங்கள் மகிழ்ச்சியாகக் கழியும். 6ஆம் மாதத்தில் குட்டி வளர்ந்து, கதவைப் பிறாண்டவும் செருப்பைக் கடிக்கவும் தொடங்கும். காலையில் எல்லோரும் வேலைக்குச் சென்றபின் மாலைவரை தனியே இருந்து ஊளையிடும். பக்கத்து வீட்டார் குறை சொல்வார்கள். பிறகு அதைப் பால்கனியில் கட்டிப்போடுவார்கள். கட்டிக் கிடந்த நாய் ஒரு நாள் வீட்டுக் குழந்தையையே கடித்துவிட்டால், அதைத் தெருவில் விட்டுவிடுவார்கள். இதில் நாயின் மீது குற்றமில்லை. இடத்திற்குப் பொருந்தாத நாயைத் தேர்ந்தெடுத்ததே குற்றமாகும்.

களர் நிலத்திற்கு ஒரு நெல், மேட்டு நிலத்திற்கு வேறொரு நெல் என்று மண்ணைப் பார்த்து இரகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள். நாய்க்கும் அதே முறைதான். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். அடுத்து வீட்டாரின் அன்றாட வேலை நேரத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் நாயின் குணத்தைப் பார்க்க வேண்டும். அழகும் நிறமும் கடைசியில்தான். இக்கட்டுரையில் அதற்கான முறைகளைக் காண்போம்.

நாயின் தொழிலே அதன் குணம்

ஒவ்வொரு நாயினமும் ஒரு வேலைக்காகப் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டதாகும். அந்த வேலை இன்று இல்லாவிட்டாலும் வேலை செய்யும் வேகம் நாயின் உடலில் இருந்துகொண்டே இருக்கும். வேலையில்லாத நாய் தனக்குத் தெரிந்த வேலையைத் தானே தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் அது கதவைப் பிறாண்டுவதாகவும், ஓயாமல் குரைப்பதாகவும் வெளிப்படும்.

நமது இராசபாளையம் நாய் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. தோளுயரம் 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்நாயின் படத்துடன் இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைப் பார்வையால் கண்டு விரட்டிப் பிடிக்கும் நாய்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் காவலில் உறுதியும் முன்கோபமும் உடையது. இவற்றுள் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இவை நமது பெருமைக்குரிய செல்வங்கள். எனினும் பெருமைக்குரிய நாய் என்பதாலேயே அது 3ஆம் மாடியில் வாழக்கூடியது என்று ஆகிவிடாது.

முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

குட்டியைத் தூக்குமுன் மகனிடமோ மகளிடமோ கீழ்க்கண்ட வினாக்களைக் கேட்டு விடை பெறுங்கள். வீட்டின் சதுர அடியைவிட இவ்விடைகளே முக்கியமானவை.

1. நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியே இருக்கும்? 2 மாதக் குட்டியை 2 மணி நேரத்திற்குமேல் தனியே விடுவது சரியன்று. வளர்ந்த நாயையும் நாள்தோறும் காலை முதல் மாலை வரை பூட்டி வைப்பது முறையாகாது.

2. காலையும் மாலையும் அதை வெளியே அழைத்துச் செல்பவர் யார்? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற விடையை ஏற்காதீர்கள். ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் பொறுப்பேற்பதாகச் சொன்னாலும், தேர்வு வந்தால் அந்தப் பொறுப்பு பெற்றோர் மீதுதான் விழும்.

3. எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? மின்சாரம் நின்றால் படியேற வேண்டியிருக்கும். குட்டை கால் நாய்க்கும் முதிர்ந்த நாய்க்கும் படிக்கட்டு துன்பமானது.

4. பால்கனிக்குக் கம்பி வலை இருக்கிறதா? கம்பிகளுக்கிடையே குட்டியின் தலை நுழையுமானால் உடலும் நுழைந்துவிடும்.

5. சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவை முன்னரே எழுத்தில் பெற வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதையோ, நாயுடன் லிஃப்டைப் பயன்படுத்துவதையோ முற்றாகத் தடை செய்யலாகாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. அதே நேரத்தில், நாயால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை ஏற்படாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமையாகும்.

6. பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் ஊருக்கு வரும்போது நாயை யார் பார்த்துக்கொள்வார்?

7. நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். இன்று 5 வயதாகும் பேரன் கல்லூரிக்குப் போகும் வரை அதற்குத் தீனியும் தடுப்பூசியும் மருத்துவமும் தேவைப்படும். அச்செலவிற்கு வழியிருக்கிறதா?

இவற்றுள் முதல் 2 வினாக்களுக்குச் சரியான விடை கிடைக்காவிட்டால், எந்த இன நாயும் அவ்வீட்டிற்குப் பொருந்தாது. அந்நிலையில் குட்டியை அனுப்பாதிருப்பதே நல்லது.

சிறிய வீட்டிற்குச் சிறிய நாயா?

சிறிய வீட்டிற்குச் சிறிய நாய்தான் ஏற்றது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மைதான். உடலளவைவிட ஓட்டமும் குரைப்பும் முக்கியமானவை. சிறிய நாயாயினும் ஓயாமல் குரைத்தால் சுவரை ஒட்டி வாழும் அண்டை வீட்டார் தூங்க இயலாது. பெரிய நாயாயினும் சாந்தமாகப் படுத்திருந்து, காலையும் மாலையும் நன்கு நடந்து வந்தால் தொல்லையில்லை. எனவே கீழ்க்கண்ட 4 குணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அ. ஒரு நாளில் அதற்குத் தேவையான நடையும் ஓட்டமும்
ஆ. குரைக்கும் வழக்கம்
இ. அயலாரிடமும் குழந்தைகளிடமும் அது பழகும் விதம்
ஈ. நம் ஊர் வெப்பத்தைத் தாங்கும் திறன்

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. எனவே மூக்கு சப்பையான நாய்களும் மயிர் அடர்ந்த நாய்களும், காற்றோட்டமில்லாத வீட்டில் கோடைக்காலத்தில் மிகவும் துன்புறும்.

எந்த இனம் பொருந்தும்?

இராசபாளையம், கோம்பை: அடுக்குமாடிக்கு ஏற்றவை அல்ல. இவை காவல் நாய்கள். நாள்தோறும் புதிய முகங்கள் வந்துபோகும் படிக்கட்டும் லிஃப்டும் இவற்றுக்கு ஓயாத எரிச்சலைத் தரும். பால்காரர், செய்தித்தாள் போடுபவர், பக்கத்து வீட்டுக் குழந்தை ஆகிய அனைவரையும் அந்நியராகவே கருதும். இவற்றுக்குரிய இடம் வேலியடைத்த தோட்டமும் காலி மனை சூழ்ந்த வீடுமே.

சிப்பிப்பாறை, கன்னி: வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும், அதிகம் குரைப்பதில்லை. எனினும் அடைப்புள்ள திடலில் நாள்தோறும் விரைந்து ஓட வேண்டியவை. தெருவில் ஒரு பூனையைக் கண்டால் வாரை உதறிக்கொண்டு பாயும். அப்போது வண்டிகளைப் பார்ப்பதில்லை. அருகில் சுற்றுச்சுவர் உள்ள திடலும், நாள்தோறும் அழைத்துச் செல்ல ஆளும் இருந்தாலன்றி அனுப்ப வேண்டாம்.

அல்சேஷன்: ஜெர்மனியில் ஆடு மேய்க்க உருவாக்கப்பட்ட நாய். அறிவுமிக்கது, ஆனால் உடலுக்கும் மூளைக்கும் வேலை கேட்கும். 2 அடுக்கு மயிர் கொண்டது. நாள்தோறும் பயிற்சியளிக்க ஓய்வு இல்லாத வீட்டிற்கு ஏற்றதன்று.

லாப்ரடார்: கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களுக்கு வலை இழுக்க உதவிய நாய்களின் வழிவந்தது. குழந்தைகளிடம் அன்பாகப் பழகும். 25 முதல் 35 கிலோ வரை எடையுள்ளது. முதல் 2 ஆண்டுகள் எதையும் கடித்துப் பார்க்கும். உணவில் பேராசை மிக்கது. நடை குறைந்தால் கொழுத்து இடுப்பு மூட்டு கெடும். காலை, மாலை இரு வேளையும் நடத்திச் செல்ல ஆள் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

பொமரேனியன், ஸ்பிட்ஸ்: உருவில் சிறியவை, குறைவாகவே உண்ணும். வாயில் மணி ஒலித்தாலும், மாடியில் நாற்காலி நகர்ந்தாலும் குரைக்கும். மயிரை நாள்தோறும் சீவ வேண்டும். குரைப்பை அடக்கக் குட்டியிலேயே பழக்கினால் வளர்க்கலாம்.

டாஷண்ட்: வளைக்குள் வாழும் பிராணிகளை வேட்டையாட வளர்க்கப்பட்ட, நீண்ட முதுகும் குட்டைக் காலும் உள்ள நாய். வீட்டுக்கு ஏற்ற உருவம்தான். ஆனால் படியேறுவதும் கட்டிலிலிருந்து குதிப்பதும் முதுகெலும்பைக் கெடுக்கும். லிஃப்ட் இல்லாத மேல்மாடிக்கு வேண்டாம்.

பீகிள்: கூட்டமாக முயல் வேட்டையாடிய மோப்ப நாய். தனிமையில் ஊளையிடும். பகலில் ஆளில்லாத வீட்டுக்குப் பொருந்தாது.

பக்: சீன அரண்மனைகளில் மடியில் வைத்து வளர்க்கப்பட்ட நாய். குரைப்பும் ஓட்டமும் குறைவு. ஆனால் சப்பை மூக்கினால் மூச்சுத் திணறும். கண் எளிதில் புண்ணாகும். நம் கோடை வெப்பம் இதற்குப் பகை. மருத்துவச் செலவைத் தாங்கக்கூடியவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்டு நாய்: நம்மில் பலர் இதை ஒரு நாயாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அடுக்குமாடிக்கு நல்ல பொருத்தம் இதுவே. நடுத்தர உடல், குட்டை மயிர், நம் வெப்பத்தைத் தாங்கும் உடற்கூறு, எளிய உணவு, கூரிய அறிவு ஆகியவை இதன் சிறப்புகள். தாய் சாந்தமானதாக இருந்து, குட்டியும் உரிய வயதிலேயே மனிதரிடம் பழகியிருந்தால், மாடி வீட்டில் நன்றாக வளரும். வேட்டை நாய்க் குட்டியைக் கேட்கும் மகனுக்கு, தோட்டத்துச் சாந்தமான நாட்டுப் பெட்டையின் குட்டியைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பகலில் குட்டியைக் கவனிக்க முடியாத வீடாயின், 2 அல்லது 3 வயதான, வீட்டுக்குள் வளர்ந்து பழகிய, குணம் தெரிந்த நாயை ஏற்பது குட்டியைவிட நலம். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டே வளர்ந்த நாயைத் திடீரென மாடிக்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குட்டிக்கு 8 வாரம் நிறையும் வரை தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடியே கற்றுக்கொள்கிறது. முன்னரே பிரிக்கப்பட்ட குட்டி இதைக் கற்பதில்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 8 வாரத்திற்குக் குறைந்த குட்டிகளை விற்கத் தடை விதிக்கின்றன. குட்டி விற்பனையைத் தொழிலாகச் செய்ய விரும்புவோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை:

1. தாயைப் பாருங்கள். அயலாரைக் கண்டு உறுமும் தாயின் குட்டியும், பயந்து ஒளியும் தாயின் குட்டியும் மாடி வீட்டிற்கு வேண்டாம்.

2. சற்றுத் தொலைவில் தரையில் அமர்ந்து குட்டிகளை அழையுங்கள். முதலில் பாய்ந்து வந்து மற்றவற்றைத் தள்ளிக் கடிக்கும் குட்டியையும், மூலையில் ஒடுங்கும் குட்டியையும் விட்டுவிட்டு, தயங்கி வந்து முகர்ந்து பார்த்து வாலாட்டும் குட்டியை எடுங்கள்.

3. குட்டியைக் கைகளில் மெல்ல மல்லாத்திப் பிடியுங்கள். சிறிது திமிறி, பின்னர் அடங்குவது நல்ல குணம்.

4. குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டுங்கள். காது அசைய வேண்டும். தலை திரும்ப வேண்டும். வெண்ணிறக் குட்டிகளிடையே, குறிப்பாக இராசபாளையத்தில், பிறவிச் செவிடு காணப்படுவதால் இச்சோதனை இன்றியமையாதது. ஒரு காது மட்டும் செவிடான குட்டி ஒலிக்குத் திரும்பக்கூடும். எனவே வெவ்வேறு பக்கங்களிலிருந்து, குட்டியைத் தனியே வைத்து, பலமுறை பாருங்கள்.

5. கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருக்கக்கூடாது. பல் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறு வெளுத்து, வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு உள்ளது என்று அறியலாம். "கொழுத்த குட்டி" என்று நாம் எண்ணி எடுப்பது பல நேரங்களில் இத்தகைய குட்டியே.

6. பெட்டைக் குட்டி வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 6 மாதத்திற்கு ஒரு முறை பருவத்திற்கு வரும் தொல்லையைக் கருத்தடை அறுவையால் நீக்கிவிடலாம். அறுவைக்கு உரிய வயதைக் கால்நடை மருத்துவர் கூறுவார்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

• குட்டிக்கு 2 அல்லது 3 வார வயது முதல் 15 நாட்களுக்கு ஒரு முறை, 3 மாதம் வரை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். பின்னர் 6 மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுக்கலாம்.

• 6 முதல் 8 வார வயதில் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். பின்னர் 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பப் போட வேண்டும்.

• 3 மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அடுத்த ஊசியை மருத்துவர் கூறும் நாளிலும், அதன்பின் ஆண்டுதோறும் போட்டுவர வேண்டும். தடுப்பூசி அட்டையைக் குட்டியுடன் கொடுத்தனுப்புங்கள். நகரத்தில் உள்ளாட்சி உரிமம் பெற அது தேவைப்படும்.

• மாட்டுக் கொட்டகையில் வளர்ந்த குட்டியின் காதுகளிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கும். அவற்றை நீக்கிய பின்னரே அனுப்புங்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளை நீங்களே கரைத்துத் தெளிக்காதீர்கள், குட்டி இறந்துவிடக்கூடும்.

மாடியில் வளர்க்கும் முறை

முதல் 3 மாதங்களே குட்டியின் குணம் உருவாகும் காலம். லிஃப்ட் ஓசை, வாயில் மணி, வண்டி ஒலி, குழந்தைகள், முதியோர் ஆகிய அனைத்திற்கும் இக்காலத்தில் பழக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்காமல் கையிலேந்திச் செல்ல வேண்டும்.

தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடிந்ததும் குட்டியை ஒரே இடத்திற்குக் கொண்டுசென்று மலசலம் கழிக்கவிட்டு, கழித்தவுடன் தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் கழித்துவிட்டால் அடிப்பதால் பயனில்லை. அது ஒளிந்து கழிக்கவே கற்றுக்கொள்ளும். வெளியே கழித்த மலத்தைத் தாளில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது வளர்ப்பவரின் கடமை.

வெயில் ஏறுமுன்னும், மாலையில் தரை குளிர்ந்த பின்னும் நடத்திச் செல்ல வேண்டும். நண்பகல் தார்ச்சாலை பாதங்களைச் சுட்டுவிடும்.

2 மாதக் குட்டிக்கு நாளுக்கு 4 வேளையும், பின்னர் 6 மாதம் வரை 3 வேளையும், அதன்பின் 2 வேளையும் உணவளிக்கலாம். சோற்றுடன் வேகவைத்த முட்டை, இறைச்சி, காய்கறி சேர்க்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கக்கூடாது. குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நாயைப் பகல் முழுவதும் கட்டியே வைப்பது அதன் குணத்தைக் கெடுக்கும். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடை அளிக்காதிருப்பதும், நாயைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்களாகும்.

கடித்துவிட்டால்

வீட்டு நாயோ தெரு நாயோ, கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் பூசக்கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, மருத்துவர் குறிக்கும் அத்தனை நாட்களிலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. உரிய காலத்தில் ஊசி போட்டால் வெறிநோய் வராமல் தடுத்துவிடலாம். குழந்தைகள் கடிபட்டதை அடிக்குப் பயந்து மறைப்பதுண்டு. மறைக்காமல் சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பொருந்தாவிட்டால்

எவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சில நாய்கள் மாடி வாழ்க்கைக்குப் பழகுவதில்லை. ஆகவே குட்டியைக் கையில் கொடுக்கும்போதே, "ஒத்துவராவிட்டால் தெருவில் விடாதே, தோட்டத்திற்கே திருப்பிக் கொண்டுவா" என்று சொல்லிவிடுங்கள். 1 வயதிற்குள் திரும்பி வரும் நாய் தோட்டக் காவலுக்கு எளிதில் பழகிவிடும். நகரத் தெருவில் விடப்பட்ட வளர்ப்பு நாய்க்கோ இரை தேடவும் தெரியாது; வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது.

எனவே, அடுத்த முறை குட்டி கேட்டு அழைப்பு வரும்போது உடனே கூடையைத் தேடாமல், மேற்கூறிய 7 வினாக்களையும் கேளுங்கள். விடை பொருந்தினால், பொருத்தமான குட்டியைத் தடுப்பூசி அட்டையுடன் அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் குட்டி தோட்டத்திலேயே வளரட்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து அதனோடு விளையாடட்டும். குட்டியின் உடல்நலம், தடுப்பூசி, கருத்தடை பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன்பெறுங்கள்.